வலது பக்கம் இரண்டு டிகிரி

என் மனைவியின் அண்ணனுக்கு விமானம் ஓட்டத் தெரியும். எனக்கு விமானம் வரையத் தெரியும். இந்த இரண்டு தகுதிகளும் ஒரே குடும்பத்தில் வந்து மாட்டிக்கொண்டது என் மனைவியின் துரதிர்ஷ்டம். இருவரும் ஓய்வுபெற்ற பிறகு, மைசூரில் எங்கள் வீட்டுக் கார் ஷெட்டைத் தகரம் போட்டு நீட்டி, அதற்குள் ஒரு விமானம் கட்ட ஆரம்பித்தோம். கார் அன்றிலிருந்து வேப்பமரத்தடியில் காக்கை எச்சத்தோடு நிற்கிறது.

பெரிய விமானமெல்லாம் இல்லை. ஒருவர் பின்னால் ஒருவர் உட்காரும் இரண்டு இருக்கை. முன்னால் ஓட்டுபவர், பின்னால் கடவுள் நம்பிக்கை உள்ளவர். வரைபடங்களும் எஞ்சினை மூடும் மூக்குக் கவசம் போன்ற சில உருப்படிகளும் அமெரிக்காவிலிருந்து வந்தன. மீதியை நாங்களே வெட்டி, வளைத்து, ரிவெட் அடித்தோம். அனுமதிக் காகிதங்களைப் பற்றி இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் இது வேறு புலம்பலாகிவிடும். இந்தப் புலம்பல் எஞ்சின் மவுண்ட்டைப் பற்றியது.

எஞ்சினை விமானத்தின் உடலோடு சேர்த்துப் பிடிக்கும் இரும்புக் குழாய்க் கூண்டுக்குத்தான் எஞ்சின் மவுண்ட் என்று பெயர். வரைபடத்தில் சொல்லியிருந்த எஞ்சின் எங்கள் கைக்கு எட்டவில்லை. அதைவிடச் சின்னதாக வேறொன்று கிடைத்தது. அதனால் வரைபடத்திலிருந்த மவுண்ட் உதவாது, புதிதாக ஒன்றை வடிவமைக்க வேண்டும் என்று ஆயிற்று. "அது என்ன பெரிய விஷயம், நான் வரையறேன்" என்றேன். பாலிடெக்னிக்கில் உத்தியோகக் காலம் முழுவதும் இன்ஜினியரிங் டிராயிங் நடத்தியவன் நான். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் தலையில் இன்னும் கொஞ்சம் முடி மிஞ்சியிருக்கும்.

மச்சானுக்கு அவசரம் இருந்தது. இளம்வயதில் வாங்கிய லைசென்ஸை அவர் விடாமல் புதுப்பித்து வைத்திருந்தார். ஆனால் லைசென்ஸ் மட்டும் போதாது, மருத்துவச் சோதனையிலும் தேற வேண்டும். அவருடைய இடது கண்ணில் அழுத்தம். நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து போடுங்கள் என்று கண் டாக்டர் சொல்லியிருந்தார். கடைசிச் சோதனையில் எப்படியோ தேறிவிட்டார். அந்தச் சான்றிதழ் தசரா வரைக்கும் செல்லும்.

"அடுத்த தடவை பாஸ் பண்ணுவேனான்னு சொல்ல முடியாது மாப்ளே," என்றார் மச்சான். "எனக்கு ஒரே ஒரு ரவுண்டு போதும். நாம கட்டினதை நானே மேல எடுத்துட்டுப் போய், சாமுண்டி பெட்டா உச்சியை ஒரு பார்வை பாத்துட்டு இறங்கிடறேன். அப்புறம் நீ அதைக் கோழிக்கூண்டா வெச்சுக்கோ."

"தசரா எதுக்கு மச்சான், மழைக்கு முன்னாடியே பறக்கலாம்," என்றேன். அப்போது பக்கத்து வீட்டிலிருந்து வந்த யுகாதி பச்சடியின் கசப்பு வாயிலிருந்து இன்னும் போகவில்லை.

வேலை எளிதுதான் என்று பார்ப்பவர்களுக்குத் தோன்றும். விமானத்தின் முன்சுவரில் நாலு துளை. எஞ்சினின் முதுகில் நாலு காது. துளையையும் காதையும் குழாயால் இணைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் குழாய் நேராகப் போக வேண்டும், வளைக்கக் கூடாது. குழாய்கள் முக்கோணம் முக்கோணமாகச் சேர வேண்டும், இல்லாவிட்டால் கூண்டு முறுக்கிக்கொள்ளும். நேராகப் போகிற வழியிலெல்லாம் யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கார்புரேட்டரைத் தாண்டினால் ஸ்டார்ட்டர், ஸ்டார்ட்டரைத் தாண்டினால் புகைக்குழாய். திங்கட்கிழமைக் காலையில் நஞ்சன்கூடு பஸ்ஸில் கால் வைக்க இடம் தேடுவது இதைவிடச் சுலபம். அங்கே குறைந்தபட்சம் யாராவது நகர்ந்துகொள்வார்கள்.

முதலில் கரண்ட் வயர் போகும் பிளாஸ்டிக் பைப்பை வெட்டி, பசை வைத்து ஒட்டி, சாப்பாட்டு மேஜைமேல் ஒரு மாதிரிக் கூண்டு செய்தேன். என் மனைவி ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். ட்யூட்டி முடிந்து வந்தவள் அதைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"இது என்ன, கொசுவலை கட்டவா?"

"எஞ்சின் மவுண்ட்."

"எங்க வார்டுல கட்டில் ரிப்பேருக்கு ஒருத்தன் வருவான். டீ ஆறறதுக்குள்ள முடிச்சுட்டுப் போயிடுவான்."

"கட்டில் பறக்காது."

"இதுவும் பறக்கலையே," என்று சொல்லிவிட்டு, தட்டு வைக்க இடமில்லாததால் அடுக்களை மேடையில் நின்றபடியே சாப்பிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரர் காலை நடையின்போது சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்து, "சார், யாவாக ஹாருத்தே?" என்று கேட்பார். எப்போது பறக்கும் என்கிறார். "இன்னு ஸ்வல்ப திவச" என்பேன், இன்னும் கொஞ்ச நாள். சில வாரங்களில் அவர் கேட்பதை நிறுத்திவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டத் தொடங்கினார். வீட்டில் உடம்புக்கு முடியாதவர் இருந்தால் ஆட்டுவார்களே, அந்த ஆட்டம்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. புரொப்பெல்லர் சுழலும்போது விமானத்தின் மூக்கை இடது பக்கம் இழுக்கும். அதைச் சரிக்கட்ட, எஞ்சினையே இரண்டு டிகிரி வலது பக்கம் திருப்பி மாட்டுவார்கள். அதுவும் புரொப்பெல்லரின் நடுப்புள்ளி மட்டும் விமானத்தின் நடுக்கோட்டில் நிற்கும்படி. கண்ணுக்குத் தெரியாத திருப்பம்தான். ஆனால் மாற்றித் திருப்பிவிட்டால் இழுப்போடு இழுப்பு சேர்ந்துகொள்ளும். ஓட்டுபவர் கால் மரத்துப்போகும் வரை பெடலை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். துளைகள் எங்கே, திருப்பம் எவ்வளவு, எந்தப் பக்கம் என்பதையெல்லாம் அமெரிக்கத் தாளிலிருந்து எடுத்து, என் மவுண்ட்டை அழகாக வரைந்து முடித்தேன். தாளின் மூலையில் வாளியையும் வடையையும் போட மறக்கவில்லை.

வாளியும் வடையும் என்று பெயர் வைத்தது என் மாணவர்கள். ஒரு பொருளை முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்துத் தாளில் வரையும்போது, எந்தத் தோற்றத்தை எந்தப் பக்கம் வைப்பது என்பதற்கு இரண்டு முறைகள் உண்டு. நம் ஊர் முறையில் இடது பக்கமிருந்து பார்த்ததை வலது பக்கம் வரைவோம். அமெரிக்காக்காரர்கள் இடது பக்கமிருந்து பார்த்ததை இடது பக்கமே வரைவார்கள். எந்த முறை என்று காட்ட மூலையில் ஒரு சின்னக் குறி இருக்கும்: படுக்கவைத்த வாளி மாதிரி ஒன்று, ஓட்டை வடை மாதிரி ஒன்று. நம் முறை என்றால் வாளி முதலில், வடை அப்புறம். அவர்கள் முறை என்றால் வடை முதலில். இந்தக் குறியைப் போடாத பையன்களின் மதிப்பெண்ணை நான் ஈவு இரக்கமில்லாமல் வெட்டியிருக்கிறேன்.

அப்படி வெட்டுப்பட்டவர்களில் ஒருவன் இன்று நஞ்சன்கூடு தொழிற்பேட்டையில் ஃபேப்ரிகேஷன் பட்டறை வைத்திருக்கிறான். ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரன். பால் டேங்கும் ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியும் செய்கிற இடத்தில் எங்கள் மவுண்ட்டையும் வெல்டு செய்து கொடுக்கச் சம்மதித்தான். என் டிராயிங்கை விரித்து, வேறு எதையும் பார்ப்பதற்கு முன்னால் மூலையைப் பார்த்தான்.

"வாளி வடையெல்லாம் கரெக்டா இருக்குதுங்க சார். முழு மார்க் போட்டுரட்டுங்களா?"

"அளவைப் பாருப்பா."

"அளவையும் பாக்கறனுங்க. நீங்க கோடு போட்டதுக்கு ஒரு நூல் அந்தாண்ட போகமாட்டனுங்க."

சொன்னபடி செய்தான். மழைக்காலம் தொடங்கும்போது மவுண்ட் வந்தது. ஷெட்டின் உத்திரத்தில் செயின் பிளாக் மாட்டி எஞ்சினைத் தூக்கினோம். மச்சான் ஸ்பேனரோடு கீழே படுத்திருந்தார். நாலு போல்ட்டும் சண்டை சச்சரவு இல்லாமல் துளைக்குள் போய் உட்கார்ந்தன. மச்சான் கிரீஸ் கையால் என் முதுகில் தட்டினார், சட்டை போயிற்று. மனைவி கேசரி கிண்டினாள். பக்கத்து வீட்டுக்காரருக்கும் ஒரு கிண்ணம் போயிற்று.

மறுநாள் காலை மூக்குக் கவசத்தை மாட்டிப் பார்த்தோம். புரொப்பெல்லருக்கும் கவசத்துக்கும் நடுவே சுற்றிலும் ஒரே சீராக இடைவெளி இருக்க வேண்டும். ஒரு பக்கம் இரண்டு விரல் தாராளமாக நுழைந்தது. இன்னொரு பக்கம் காகிதம்கூட நுழையவில்லை.

"கவசத்தைக் கோணலா வார்த்துட்டான் அமெரிக்காக்காரன்," என்றேன்.

"நிஜமாவா?"

"நான் சொல்றேன் இல்ல."

அன்றைக்கே உட்கார்ந்து ஒரு மின்னஞ்சல் எழுதினேன். தரக்கட்டுப்பாடு பற்றி, வார்ப்பில் கவனம் பற்றி, ஒரு ஆசிரியனுக்கே உரிய பொறுமையோடு பாடம் நடத்தினேன். பதில் ஒரே வரியில் வந்தது: கவசம் சரியாகத்தான் இருக்கிறது, எங்கள் தாளின் மூலையிலுள்ள குறியீட்டைத் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள்.

பார்த்தேன். கொசு அளவுக்கு இருந்தது. வடை முதலில். வாளி அப்புறம்.

முன்சுவரின் படத்தை விமானத்துக்குள் உட்கார்ந்து பார்க்கும் தோற்றம் என்று நம் முறைப்படி நான் படித்திருந்தேன். அது வெளியே, மூக்குக்கு முன்னால் நின்று பார்க்கும் தோற்றம். ஆக என் வலது விமானத்தின் இடது. துளைகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்ததால் போல்ட்டுகள் மறுப்புச் சொல்லாமல் உள்ளே போயிருந்தன. கேசரி வீண்.

மச்சானிடம் சொன்னபோது அவர் எஞ்சின் வந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"இந்த வாளி வடைக்காக எத்தனை பசங்களுக்கு மார்க் வெட்டினே?"

"கணக்கு வெச்சுக்கல."

"அவங்க வெச்சிருப்பாங்க." கண்ணைத் துடைத்தார். இடது கண்ணைத் துடைக்கும்போது சிரிப்பு நின்றுவிட்டது. "சரி, இன்னொண்ணு பண்ண எத்தனை நாளாகும்?"

இரவுச் சாப்பாட்டின்போது மனைவி விசாரணையை முடித்துவைத்தாள். "எங்க ஆஸ்பத்திரில வலதுன்னா பேஷண்டோட வலது. டாக்டருக்கு எது வலதுன்னு யாரும் கேக்கறதில்ல. கேட்டா நல்ல காலை வெட்டிடுவாங்க. ஏரோப்ளேனை ஒரு பேஷண்டுன்னு நெனைச்சுக்கோங்களேன்."

"சும்னே இரு," என்றேன். தமிழில் பதில் இல்லாதபோது எனக்குக் கன்னடம் வரும்.

நஞ்சன்கூட்டில் மாணவன் மவுண்ட்டைத் தட்டிப் பார்த்து, ரொம்ப மரியாதையாகக் கேட்டான். "இதை உள்வெளியாத் திருப்பிப் போட முடியாதுங்களா சார், பனியன் மாதிரி?"

"முடியாதுப்பா."

"நம்ம வேலைல ஏதாச்சும் பிழைங்களா?"

"இல்ல. டிராயிங்ல."

"டிராயிங்லீங்களா?" என்றான். டீ வாங்கி வரச் சொன்னவன், கூடவே மூன்று வடையும் சொன்னான். தற்செயல் என்று நம்ப ஆசைப்பட்டேன்.

இரண்டாவது மவுண்ட்டுக்கு ஒவ்வொரு குழாயின் பெயரையும் "விமானத்தின் வலது மேல்", "விமானத்தின் இடது கீழ்" என்று தமிழில், கொட்டை எழுத்தில் எழுதினேன். இந்தத் தடவை கவசம் பொருந்தியது. சுற்றிலும் சீரான இடைவெளி. கேசரி கேட்க எனக்குத் துணிவில்லை, நல்லவேளை கேட்கவில்லை. ஏனென்றால் அன்று மாலை மச்சான் ஆயில் ஃபில்டரைக் கையில் எடுத்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இதை எங்க மாட்றது?"

ஃபில்டர் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, ஒரு விரல் இடம்கூட விடாமல், என் குறுக்குக் குழாய் கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தது. பிளாஸ்டிக் மாதிரி செய்தபோது ஃபில்டர் அதன் அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது. தூசி படக் கூடாது என்று அதை பீரோவில் வைத்தவனும் நான்தான்.

"மவுண்ட் போடறதுக்கு முன்னாடியே ஃபில்டரை மாட்டிடலாம்," என்றேன்.

"அப்புறம் ஒவ்வொரு தடவை மாத்தவும் எஞ்சினை இறக்கணும். சோறு திங்கறதுக்குப் பல்லைக் கழட்டற மாதிரி."

"அப்படிப் பண்றவங்களும் இருக்காங்க மச்சான்."

அவர் சிரிக்கவில்லை. வெளியே போகும்போது சுவரோரம் சாய்த்திருந்த இறக்கையில் இடது தோளை இடித்துக்கொண்டு, "இதை இங்க வெச்சது எந்த மடையன்," என்றார். இறக்கை ஒரு வருடமாக அங்கேயேதான் இருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. கையிலிருந்த இரும்பு ஸ்கேலைத் தூக்கித் தோட்டத்தில் வீசினேன். அது கறிவேப்பிலைச் செடிக்குள் போய் விழுந்தது. அளக்க வேறு ஸ்கேல் இல்லாததால் பத்து நிமிடத்தில் நானே குனிந்து, கையில் குச்சி கீறத் தேடி எடுத்தேன். கோபப்படுவதற்குக்கூட மாற்றுச் சாமான் வைத்திருக்க வேண்டும்.

அதன் பிறகு ஷெட்டில் பேச்சு குறைந்தது. மச்சான் வருவார், சொட்டு மருந்து நேரத்தில் தலையை அண்ணாந்து போட்டுக்கொள்வார், ரிவெட் எண்ணுவார், போவார். ஒருநாள் மட்டும் சொன்னார்: "தசரா யானையெல்லாம் காட்டுலேருந்து வந்தாச்சு. ரோட்டுல நடக்கவிட்டுப் பழக்கறாங்க. ஆனையே ரெடியாயிடுச்சு மாப்ளே. நீ இன்னும் ஃபில்டர்கிட்டயே நிக்கறே."

மூன்றாவது மவுண்ட்டில் குறுக்குக் குழாயை அடியோடு மாற்றி, பாரத்தை வேறு வழியாக இறக்கினேன். அதற்காக நான் போட்ட கணக்குகளை என் மாணவர்கள் யாராவது போட்டிருந்தால் நின்று கைதட்டியிருப்பேன். வந்தது. பொருந்தியது. ஃபில்டர் ஏறியது, இறங்கியது. தேவையே இல்லாமல் அதைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தேன், அவ்வளவு சந்தோஷம். தசராவுக்கு இன்னும் சில வாரங்கள் இருந்தன.

கடைசியாக ஒரு சரிபார்ப்பு பாக்கி. புரொப்பெல்லரின் நடுப்புள்ளி விமானத்தின் நடுக்கோட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தூக்குக்குண்டு கட்டி, விமானத்தை எதிர்ச்சாரியிலிருந்த விளக்குக் கம்பத்துக்கு நேராக நிறுத்தினோம். புரொப்பெல்லரின் நடுவில் ஒரு சைக்கிள் கம்பியை நட்டுக்குத்தலாக ஒட்டினேன். மச்சான் முன் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார்.

"கம்பத்தைப் பாருங்க. கம்பி எங்க தெரியுது?"

"இடது பக்கம் போகுது மாப்ளே."

"போகாது."

"போகுதுங்கறேன். கம்பத்துக்கு இடது பக்கம் நல்லாத் தள்ளித் தெரியுது."

"நேரா உக்காருங்க மச்சான்."

"நான் நேராத்தான் உக்காந்திருக்கேன். உன் மவுண்ட்டுதான் நேரா உக்காரல."

குண்டைத் தொங்கவிட்டு அளந்தேன். நடுவில் இருந்தது. நூலை மாற்றி அளந்தேன். நடுவில்தான் இருந்தது. அவர் மறுபடியும் பார்த்து, மறுபடியும் இடது என்றார். மூன்று மவுண்ட் செய்தவனின் பொறுமைக்கு ஓர் அளவு உண்டு. "இறங்குங்க, நான் பாக்கறேன்," என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன். அவர் இறங்கினார். நான் ஏறினேன்.

கம்பத்தைப் பார்த்தேன். கம்பி இரண்டாகத் தெரிந்தது. கம்பத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, சம தூரத்தில். அது அப்படித்தான் தெரியும். மூக்குக்கு முன்னால் விரலை நிறுத்திக்கொண்டு தூரத்தில் பார்த்தால் விரல் இரண்டாகும். ஒவ்வொரு கண்ணுக்கும் ஒன்று.

"எனக்கு ரெண்டு பக்கமும் சமமாத்தான் இருக்கு மச்சான். ரெண்டு கம்பியும்."

"ரெண்டு கம்பியா? ஒண்ணுதானே ஒட்டினே?"

விளக்குவதற்கு வாயைத் திறந்தேன். பாடம் நடத்துவதென்றால் என்னைக் கூப்பிட வேண்டியதே இல்லை. அப்புறம் வாயை மூடிக்கொண்டு, இடது கண்ணையும் மூடிப் பார்த்தேன். வலது பக்கக் கம்பி காணாமல் போயிற்று. மிச்சமிருந்த ஒன்று, கம்பத்துக்கு இடது பக்கம், நன்றாகத் தள்ளி நின்றது. மச்சான் சொன்ன அதே இடம்.

இடது கண்ணைத் திறந்து, மறுபடியும் மூடிப் பார்த்தேன். எனக்கு எந்தக் கிண்டலும் தோன்றவில்லை. அது எனக்கு அபூர்வம்.

"என்ன, பேச்சையே காணோம். தப்புதானே?"

"மவுண்ட் சரியா இருக்கு மச்சான்."

அவருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. அவர் நெடுங்காலம் பறந்தவர், கண்ணைப் பற்றி என்னைவிட அவருக்குத் தெரியும். வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ இருக்கேன்னு தெரியுது," என்றார். "பனியில நிக்கற மாதிரி." கையை எடுத்தார். "பேப்பர் படிக்கறப்ப இது தெரியறதில்ல. வலது கண்ணு எல்லாத்தையும் மறைச்சுடுது."

"டாக்டர்கிட்ட எப்பப் போனீங்க?"

"மவுண்ட் முடியட்டும்னு இருந்தேன்."

எனக்கு வந்தது கோபம்தான். அவர்மேலா, அமெரிக்கத் தாள்மேலா, என்மேலா என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். அதில் ஒரு முட்டாள்தனமும் சொன்னேன். "சர்ட்டிஃபிகேட் தசரா வரைக்கும் இருக்கே. ஒரு ரவுண்டுதானே மச்சான். யாருக்குத் தெரியப்போகுது."

"காகிதப்படி எனக்கு ரெண்டு கண்ணும் இருக்கு, சரிதான்." அவர் புரொப்பெல்லரிலிருந்து சைக்கிள் கம்பியைப் பிய்த்து என் கையில் கொடுத்தார். "இறங்கறப்ப தரை எங்க இருக்குன்னு காகிதமா சொல்லும்? ஒத்தைக் கண்ணால இறங்க நான் கத்துக்கல."

அவர் ஸ்கூட்டரில் ஏறாமல், அதைத் தள்ளிக்கொண்டே போனார்.

முதல் மவுண்ட்டே சரியாக வந்திருந்தால் மழை விட்ட ஏதாவது ஒரு நாளில் அவர் அந்த ஒரு ரவுண்டைப் போய் வந்திருப்பார். ராத்திரி முழுவதும் இதை வேறு வேறு விதமாகக் கூட்டிப் பார்த்தேன், விடை மாறவில்லை. காலையில் மனைவியிடம் சொன்னேன். அவள் சீருடையில் பின் குத்திக்கொண்டே கேட்டாள்.

"அந்தக் கண்ணு ஒரே சீசன்ல போனதில்ல. உங்க மவுண்ட்டுக்கு அவ்வளவு சக்தியெல்லாம் கிடையாது," என்றாள். பிறகு போனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டாள். அடுத்த அறை வரை கேட்டது. "நான் தினமும் பேஷண்டுங்களுக்கு மருந்து ஊத்தறேன் அண்ணா, உங்க கண்ணைப் பாத்துக்க எனக்குத் துப்பில்லயா? இன்னிக்கு வர்றீங்க. மவுண்ட் கிவுண்ட்னு பேசினீங்கன்னா ஷெட்டைப் பூட்டிச் சாவியைக் கபினி ஆத்துல போட்டுருவேன்."

டாக்டர் சொட்டு மருந்தை மாற்றினார், வலது கண்ணைக் காப்பாற்றிவிடலாம் என்றார். மச்சான் பல நாள் ஷெட் பக்கம் வரவில்லை. விமானம் சரியான மூக்கோடு சும்மா நின்றது. நான் போய் ஃபில்டரைத் தொடக்கூட இல்லை. ஊர் முழுக்க விளக்கு போட்டார்கள், தசரா வந்தது, போயிற்று.

அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து சர்ச்சிலிருந்து நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். காபி வருவதற்கு முன்னால் பேச ஆரம்பித்தார்.

"பெங்களூர்ல ஒரு இன்ஸ்ட்ரக்டர் இருக்கார், நம்ம பழைய ஃப்ரெண்டோட பையன். பேசிட்டேன். பேப்பரெல்லாம் வந்ததும் முதல்ல அவர் தனியா ஓட்டிப் பாப்பார். எல்லாம் திருப்தின்னா அப்புறம் அவர் முன்னாடி, நான் பின்னாடி. பின்னாடி உக்கார்றதுக்கு எத்தனை கண்ணு வேணும்?"

பதிலுக்கு உடனே கால்குலேட்டரை எடுத்தேன். அதுதான் தவறு. மச்சான் தனியாக முன் இருக்கையில் பறப்பதாகத்தான் எல்லாக் கணக்கையும் போட்டிருந்தோம். இப்போது முன்னால் ஈர்க்குச்சி மாதிரி ஒரு இன்ஸ்ட்ரக்டர், பின்னால் மச்சான். மச்சான் ஈர்க்குச்சி இல்லை. விமானத்தின் பாரம் பின்பக்கம் போய்விடுகிறது. பேட்டரியை முன்னால் தள்ளிப் பார்த்தேன், போதவில்லை. எஞ்சினையே முன்னால் தள்ள வேண்டும்.

"அதாவது?" என்றார் மச்சான்.

"அதாவது, மவுண்ட்டை நீட்டணும்."

"இதையேவா?"

"நீட்ட முடியாது. புதுசு."

அடுக்களையில் மனைவி பாத்திரம் வைக்கும் சத்தம் சற்று பலமாகக் கேட்டது.

ஆக மறுபடியும் நஞ்சன்கூடு. மாணவன் எங்கள் இருவரையும் பார்த்ததுமே இரும்பு நிறுக்கும் பெரிய தராசிலிருந்த குழாய்க்கட்டை இறக்கச் சொன்னான். போனிலேயே விஷயத்தைச் சொல்லியிருந்தேன். மச்சானின் எடையைத் துல்லியமாகத் தெரிந்துகொள்ளாமல் இந்தத் தடவை ஒரு கோடு போடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். அவர் சொல்லும் எடை அவருடைய கல்யாணத்தின்போது பார்த்தது.

மச்சான் தராசில் ஏறி, மூச்சை உள்ளே இழுத்து, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றார்.

"அதுல எடை குறையாது மச்சான்."

"நீ உன் வேலையைப் பாரு."

மாணவன் எண்ணைப் பார்த்துவிட்டு, மச்சானைப் பார்த்து, தயங்கினான். "ஐயா, வேணும்னா ஷூவைக் கழட்டிருங்க. பூட்ஸே ஒரு கிலோ வருமுங்க."

மச்சான் ஆவலோடு குனிந்தார்.

"வேண்டாம், போட்டுட்டே நிக்கட்டும்," என்றேன். "பறக்கறப்ப ஷூ போட்டுட்டுத்தான் வருவார்."

அவர் நிமிர்ந்து, எக்கிய வயிற்றை மெதுவாக வெளியே விட்டார். நான் எண்ணைக் குறித்துக்கொண்டேன். மவுண்ட் இன்னும் ஒரு விரல் நீண்டது.